ஷ்ருதி-1: கையால் கட்டிய சிந்தசைசரில் நம் காந்தாரம்

பாரிஸில் எமிலி ஜில்லே என்பவர் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் நடத்தினார். 2010 வாக்கில் அவர் வெளியிட்ட சிந்தசைசர் கிட் ஷ்ருதி-1. இரண்டு போர்டு, ஒன்றின் மேல் ஒன்று. மேலே இரண்டு வரி எல்சிடி, அதன் கீழே நான்கு குமிழ், ஆறு பட்டன், ஒரு சுழல் குமிழ். இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். கிட் விற்பனை நின்று வெகுநாள் ஆயிற்று. நிறுவனமும் 2022-ல் மூடப்பட்டது. ஆனால் சர்க்யூட் வரைபடம், போர்டு கோப்புகள், உள்ளே ஓடும் நிரல் எல்லாவற்றையும் அவர் திறந்த உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டுப் போனார். அதனால் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் பிசிபி (சர்க்யூட் பலகை) அச்சடித்து, பாகங்கள் வாங்கி, தானே கட்டிக்கொள்ளலாம். நான் சென்னையில் கட்டினேன்.

எத்தனையோ கிட் இருக்க இதை ஏன் எடுத்தேன் என்றால், இதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. சுழல் குமிழைத் திருப்பிக்கொண்டே போனால் முதலில் சம இடைவெளிச் சுருதி (சாதாரண கீபோர்டில் இருப்பது), அடுத்து இயற்கைச் சுருதி, பித்தகோரஸ் சுருதி என்று வரும். அதற்கப்புறம் பைரவ், மார்வா, பூர்வி, பிலாவல், யமன், காஃபி, பீம்ப்ளாசி, தர்பாரி என்று ராகங்களாகவே வரும். ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஸ்வரங்கள் அந்தந்த ராகத்துக்குரிய இடத்துக்குக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். பிலாவல் நமக்குச் சங்கராபரணம், யமன் கல்யாணி, பைரவ் மாயாமாளவகௌளை, காஃபி கரகரப்ரியா. ஒரு எட்டு பிட் சிப்புக்குள் இவ்வளவு அக்கறையோடு நம் ஊர் சங்கீதத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று கையேட்டைப் படித்த அன்றே மனம் அதில் விழுந்துவிட்டது.

கடையில் வாங்கும் கீபோர்டில் என் பிரச்சினை எப்போதும் காந்தாரம்தான். ஒரு கட்டைக்கு, அதாவது மேற்கத்திய C ஸ்வரம் ஸட்ஜமாக வரும்படி, தம்புரா சேர்த்து வைத்துக்கொண்டு, கீபோர்டில் அந்தர காந்தாரத்தை அழுத்திப் பிடியுங்கள். சேராது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு கட்டையில் ஸட்ஜத்துக்குச் சேர்த்த தம்புராவின் சாரணித் தந்தி 130.8 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலைச் சரியான இடத்தில் வைத்தால் அந்தத் தந்தியின் ஐந்தாவது மேல்ஸ்வரம் தனியாகவே காதில் விழும். அது 654 ஹெர்ட்ஸ். யாரும் மீட்டாமலே தம்புராவுக்குள் பாடும் காந்தாரம் அதுதான். கீபோர்டின் காந்தாரம் 329.6, அதன் இரண்டாவது மேல்ஸ்வரம் 659.3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு ஐந்து அலையடிப்பு. ஒரு நொடி பிடித்தாலே ‘வாவ் வாவ் வாவ்’ என்று துடிப்பது கேட்கும். சென்ட் கணக்கில் (ஒரு அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) சொன்னால் இயற்கைக் காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386, கீபோர்டின் காந்தாரம் 400. பதினாலு சென்ட் சின்ன எண்தான். தம்புரா பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அது பெரிதில்லை. நமக்குத் தம்புரா எப்போதும் பக்கத்தில் இருக்கிறது.

பாகங்கள் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்த அந்த நெரிசலில், ஷட்டர் அகலத்துக்கு ஒரு கடை, கடை நிறைய சின்னச் சின்ன இழுப்பறை. ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், கண்டன்சர், 40 பின் ஐசி பேஸ், பெர்க் ஸ்ட்ரிப், 20 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், கீபோர்டை இணைக்கும் மிடிக்கான ஐந்து பின் சாக்கெட், இரண்டு வரி எல்சிடி என்று என் பட்டியலை வாங்கிப் பார்த்தவர், “காலேஜ் ப்ராஜெக்டா தம்பி?” என்றார். “இல்லண்ணே, வாத்தியம்” என்றேன். பட்டியலை இன்னொரு தரம் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “அப்ப பாட் நல்லதா தரேன். ப்ராஜெக்டுக்குக் குடுக்கறது ஒரு வருஷத்துல கரகரங்கும்” என்று உள்ளே இருந்த வேறு டப்பாவை எடுத்துப் போட்டார். அந்தக் குமிழ்கள் இன்றுவரை கரகரக்கவில்லை. தெருவில் கிடைக்காதது முக்கியமான சிப் ஒன்றுதான்: ஏடிமெகா 644பி. அதன் தம்பிகளான 8, 16, 32, 328 எல்லாம் மாணவர்கள் புண்ணியத்தில் தாராளமாகக் கிடைக்கும். இதை மட்டும் ஆன்லைனில் வரவழைத்தேன்.

சால்டரிங் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் அதைச் செய்யும்போது முதல் சங்கடம் மின்விசிறி. ஓடினால் நுனியின் சூட்டைக் காற்று தின்றுவிடும். நிறுத்தினால் மே மாதத்து மாலையில் நெற்றி வியர்வை போர்டின் மேலேயே விழும். ஜன்னலைத் திறந்து, விசிறியை நிறுத்தி, கழுத்தில் துண்டோடு உட்காருவதுதான் வழி. 25 வாட் அயர்ன் போதும். 60/40 ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-க்குள் முழுதாக உருகும். நுனியைப் போர்டின் செம்பு வளையத்திலும் பாகத்தின் காலிலும் ஒருசேரத் தொடவைத்து, இரண்டு நொடி சூடேற்றிவிட்டு, ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தச் சந்திப்பில் கொடுக்க வேண்டும். நுனியில் கொடுக்கக் கூடாது. முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு சட்டென்று ஈயம் காலைச் சுற்றி ஓடி, துளைக்குள் இறங்கி, சரிவாக ஏறி நிற்கும். ஃப்ளக்ஸ் புகை ஒரு கோடாக மேலே போகும். அந்தச் சரிவு பளபளவென்று இருந்தால் நல்ல பற்று. உருண்டையாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால் டிரை சால்டர். பழைய டிவி மெக்கானிக்குகள் பலகையைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது அதைத்தான். வாத்தியத்தில் டிரை சால்டர் இருந்தால் சத்தமே வராமல் போவதில்லை. சத்தம் வரும், போகும், மேஜையைத் தட்டினால் மீண்டும் வரும். கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது.

உயரம் குறைந்த பாகங்கள் முதலில், உயரமானவை கடைசியில். ரெசிஸ்டர், டயோடு, ஐசி பேஸ், கண்டன்சர், பிறகு குமிழ்கள். எல்சிடி தனக்குக் கீழே இருப்பதையெல்லாம் மூடிவிடும் என்பதால் அது கடைசி. சிப்பைச் செருகுவதற்கு முன் காலியான ஐசி பேஸில் பத்தாவது காலுக்கும் பதினொன்றாவது காலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். ஐந்து வோல்ட் காட்டினால் மட்டும் மேலே போகலாம்.

புதுச் சிப்பைச் செருகி மின்சாரம் கொடுத்தால், எல்சிடியின் மேல் வரியில் பதினாறு கறுப்புக் கட்டங்கள் மட்டும் தெரியும். பலர் இந்த இடத்தில் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எல்சிடிக்கு மின்சாரம் போகிறது, சிப் அதனிடம் இன்னும் பேசவில்லை என்பதற்கான அடையாளம் அது. சிப்புக்குள் நிரலே இல்லாதபோது எப்படிப் பேசும்? அதோடு இந்த ரகச் சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போது தன் உள் கடிகாரத்தில், 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் ஓடும். யுஎஸ்பி புரோகிராமர் வழியாக முதலில் ஃப்யூஸ் பிட்டுகளை (சிப்பின் அடிப்படை அமைப்புகளை) மாற்றி, வெளியே இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலைப் பின்பற்றச் சொல்ல வேண்டும். பிறகு நிரலை ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் கட்டங்கள் மறைந்து எழுத்து வந்தது. மிடி கம்பியைச் செருகி ஸ அழுத்தினேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா, “என்னடா அது, நாதஸ்வரமா?” என்று கேட்டாள். ரம்பப் பல் அலை, ஃபில்டர் பாதி மூடியிருந்தது. அந்தச் சத்தத்தில் சீவாளியின் சாயல் கொஞ்சம் இருந்தது உண்மைதான்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பது. கட்டி முடித்த பிறகு எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இது.

சிப் நொடிக்குச் சுமார் 39,000 தடவை ஓர் எண்ணை வெளியே தள்ளுகிறது. ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவே அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய ஐந்நூறு கடிகாரத் துடிப்பு. அதற்குள் இரண்டு ஆஸிலேட்டரும் ஒரு துணை ஆஸிலேட்டரும் கணக்கிட்டுக் கலக்கப்பட வேண்டும். கையில் கிடக்கும் குமிழ்களையும் கவனித்தாக வேண்டும். ஆஸிலேட்டர் என்றால் சாரத்தில் ஒரு கூட்டல்தான். கடிகார முள் ஒன்றை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு முன்னே தள்ளிக்கொண்டு, முள் நிற்கும் இடத்தில் அலை எவ்வளவு உயரம் என்று அட்டவணையில் பார்த்து எடுத்துக்கொள்வது. தள்ளும் அளவு பெரிதானால் சுருதி ஏறும். சிறிதானால் இறங்கும்.

அந்த அளவை எத்தனை பிட்டில் எழுதுகிறோம் என்பதில்தான் சங்கீதமே இருக்கிறது. 16 பிட்டில் எழுதினால், சுருதியை நகர்த்தக்கூடிய மிகச் சிறிய படி சுமார் 0.6 ஹெர்ட்ஸ். மேல் ஸ்தாயியில் அது தெரியாது. ஒரு கட்டையின் மத்திய ஸட்ஜத்தில், 130 ஹெர்ட்ஸில், அந்த ஒரு படியே எட்டு சென்ட். பதினாலு சென்ட் வித்தியாசத்தைத் திருத்தப் புறப்பட்டவனுக்கு எட்டு சென்ட் அளவுகோலால் என்ன பயன்? ஷ்ருதியின் நிரல் 24 பிட் வைத்துக்கொள்கிறது. அப்போது படி 0.0023 ஹெர்ட்ஸ். ஒரு அரைஸ்வரத்தை 128 பங்காகப் பிரித்தும் வைத்திருக்கிறது. ஒரு பங்கு ஒரு சென்டுக்கும் குறைவு. எட்டு பிட் சிப்பில் 24 பிட் கூட்டல் என்றால் ஒவ்வொரு கூட்டலையும் மூன்று தவணையாகச் செய்ய வேண்டும். இருக்கிற ஐந்நூறு துடிப்பில் அதற்காகச் செலவழிக்கத் துணிந்திருக்கிறார்கள். சத்தத்தின் உயரத்தை வெறும் எட்டு பிட்டில் விட்டுவிட்டு, சுருதிக்கு மட்டும் இப்படி வாரிக் கொடுத்த அந்த முடிவு எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது. எட்டு பிட் சத்தத்தில் கொஞ்சம் மணல் இருக்கும். அதைக் கீழ்ப் போர்டில் இருக்கும் அனலாக் ஃபில்டர் தேய்த்துக் கொடுக்கிறது. நான்கு கட்டமாக, வெட்டும் இடத்துக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் குறைத்துக்கொண்டே போகும் ஃபில்டர் அது. ஒலியின் கரடு அதில் தீர்ந்துவிடும். சுருதி தவறினால் எந்த ஃபில்டராலும் தீர்க்க முடியாது.

டிஜிட்டல் ஆஸிலேட்டர் என்றாலே முகம் சுளிக்கும் அனலாக் பிரியர்கள் உண்டு. அவர்கள் ஒரு மே மாதம் இங்கே வந்து இருக்க வேண்டும். அனலாக் ஆஸிலேட்டரின் மையத்தில் ஒரு டிரான்ஸிஸ்டர் இருக்கிறது. தகுந்த ஈடுகட்டல் இல்லாவிட்டால், ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அதன் கணக்கு 0.33 சதவீதம் பிசகும். ஆதார இடத்திலிருந்து ஒரு ஸ்தாயி தள்ளி வாசிக்கும்போது அது டிகிரிக்கு நான்கு சென்ட். ஏசி அறையிலிருந்து கூடத்துக்கு வாத்தியத்தைத் தூக்கி வந்தால் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இங்கே சாதாரணம். கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி போயிற்று. மார்கழிக் கச்சேரியில் சபாவின் ஏசி குளிருக்கு ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவே தம்புராவின் மணியை நகர்த்திக்கொண்டே இருப்பார்களே, அதே தொல்லை. கிறிஸ்டலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. லட்சத்துக்கு ஐந்து பங்கு பிசகினால்கூட அது ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. காலையில் சேர்த்தது ராத்திரியும் சேர்ந்தே இருக்கிறது.

நம் வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்புராவை உருவாக்கியதிலிருந்து, பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளிலெல்லாம் ஒரு சுருதிப்பெட்டி ஸ்பீக்கர் துளையோடு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. கட்டைக் குமிழைத் திருப்பி ஐந்தரைக்கு வை, ஒன்றரைக்கு வை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். ஷ்ருதி-1-ல் நான் ஸட்ஜத்தை எப்போதும் முதல் வெள்ளைக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு, ஆஸிலேட்டரின் ரேஞ்சை வேண்டிய அரைஸ்வரம் ஏற்றிக்கொள்கிறேன். ஐந்து கட்டை வேண்டுமென்றால் ஏழு ஏற்ற வேண்டும். விரல் பழக்கம் மாறுவதில்லை, ராகத்தின் சுருதி அட்டவணையும் இடம் பெயர்வதில்லை.

ஒற்றைக் குரல் ஒரு குறை என்று நினைப்பவர்களிடம் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மேற்கத்திய கீபோர்டுக்காரர் ஒரே நேரத்தில் மூன்று கட்டை அழுத்த வேண்டும், அவருக்கு அது குறைதான். நம் நாதஸ்வரம், குழல், வாய்ப்பாட்டு எல்லாமே ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டிய கட்டாயம் வந்ததால்தான் சம இடைவெளிச் சுருதி நிலைபெற்றது. எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தாலும் எல்லாக் கோர்டும் ஓரளவு பொறுக்கும்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வைத்த ஏற்பாடு அது. ஒரு ஸட்ஜம், அதன் மேல் ஒரு குரல் என்று இருப்பவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. அதனால்தான் மோனோ சிந்தசைசர் நம் சங்கீதத்துக்குப் பெரிய கீபோர்டைவிட இயல்பாகப் பொருந்துகிறது என்கிறேன்.

ஆனால் சுருதி மட்டும் சேர்ந்துவிட்டால் போதுமா? ஹார்மோனியத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். 1940 முதல் 1971 வரை ஆல் இந்தியா ரேடியோ அதை ஒலிபரப்பில் விடவில்லை. சுருதி சேராது என்பது ஒரு காரணம். ஸ்வரத்தை அசைத்தும் சறுக்கியும் இசைக்கும் கமகம் வராது என்பது இன்னொன்று. அதே நேரம் வயலினைப் பாருங்கள். ஹம்சத்வனியை உருவாக்கிய ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் வாழ்ந்தது. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கும் அதே மணலி. அவருடைய மகன் பாலுசுவாமி தீட்சிதர் அந்தக் காலத்தில்தான் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் பாணிக்குக் கொண்டுவந்தார். இருநூறு வருடத்துக்குள் வயலின் இல்லாத கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, மின்மாண்டலினில் கமகத்தைக் கொண்டுவந்தார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் கை வைக்க இடம் இருந்தால் அந்த வாத்தியம் இங்கே பிழைத்துக்கொள்ளும்.

சிந்தசைசரில் அந்த இடம் பிட்ச் பெண்ட் சக்கரம். கே. சத்யநாராயணன் கர்நாடகக் கச்சேரி மேடையில் கீபோர்டில் வாசிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வலது கை கட்டைகளில் ஓடும்போது இடது கை அந்தச் சக்கரத்தை விட்டு இறங்குவதே இல்லை. மிடியில் பெண்டுக்கு 16,384 நிலைகள் உண்டு. மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் என்று வைத்துக்கொண்டால் படி எதுவும் காதுக்குத் தெரியாத வழவழப்பு கிடைக்கும்.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். தோடியின் சாதாரண காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி. ஸட்ஜம் முதல் வெள்ளைக் கட்டையில் இருக்கும்போது சுத்த ரிஷபம் ஒரு அரைஸ்வரம் மேலே, காந்தாரம் மூன்று, சுத்த மத்யமம் ஐந்து. காந்தாரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முழுக்கக் கீழே இழுத்தால் சரியாக ரிஷபம். முழுக்க மேலே தள்ளினால் சரியாக மத்யமம். தோடி காந்தாரத்தின் எல்லை முழுவதும் ஒரு விரல் நகர்வுக்குள் அடங்கிவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட ராத்திரி நான் தூங்கப் போக வெகுநேரமாயிற்று. மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு இறங்குவதை மெதுவாகப் பழகப் பழக, கட்டை வாத்தியத்தில் வராது என்று காலகாலமாகச் சொல்லப்பட்ட அந்தக் காந்தாரம் விரலுக்கு அடியில் உருவாவது உணரக் கிடைத்தது.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். ஸ்வரத்தை அசைக்கும் கமகமான கம்பிதத்துக்கு எல்எஃப்ஓ-வைப் போடாதீர்கள். சிந்தசைசரில் சுருதியைத் தானாக ஆட்டும் அந்த வசதி கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும், ஆசை வரும். அது ஒரே சீராக ஆட்டும். நம் கம்பிதம் ஒரு முனையில் தங்கும், இன்னொரு முனையைத் தொட்டும் தொடாமலும் திரும்பும், காலப்பிரமாணத்தோடு சேர்ந்து வேகம் மாறும். எல்எஃப்ஓ போட்ட தோடி, மெல்லிசை மேடையின் நடுக்கமாகத்தான் கேட்கும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குச் சறுக்கும் ஜாருவுக்கு மட்டும் இயந்திரத்தின் உதவி கிடைக்கிறது: லெகாட்டோ நிலையில் வைத்து போர்ட்டமெண்டோவைக் கொஞ்சம் திறந்தால், முதல் கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது மட்டும் சறுக்கும். விட்டு அழுத்தினால் தனி ஸ்வரம். பாடும்போது மூச்சு விடாமல் சேர்ப்பதும் விட்டுச் சேர்ப்பதும் போலவே இதுவும் கைப்பழக்கத்தில் வந்துவிடுகிறது.

நங்கநல்லூரில் வயலின் சொல்லிக்கொடுக்கும் என் சித்தியிடம் இதைக் கொண்டுபோனேன். சுருதிப்பெட்டியை ஒரு கட்டைக்கு வைத்துவிட்டு, அவளுடைய வகுப்புக் குழந்தைகள் தினமும் பாடும் சரளி வரிசையையே மாயாமாளவகௌளையில் வாசித்தேன். முதலில் சம இடைவெளிச் சுருதியில். மூன்றாவது ஸ்வரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“காந்தாரம் தூக்கலா இருக்குடா. கொஞ்சம் இறக்கு. ரிஷபம் ஒரு பொட்டு ஏறணும்.”

சுழல் குமிழைத் திருப்பி பைரவ் வைத்தேன். மறுபடியும் ஸ, ரி, க. காந்தாரத்தில் விரலை எடுக்காமல் பிடித்தேன். துடிப்பு நின்றுபோய், சுருதிப்பெட்டியோடு ஒரே சத்தமாக இழைந்தது.

“ம்… இப்ப சேர்ந்துது. இப்படியே விட்டுடு” என்றாள். பிறகு, “இது யார் போட்டுக் குடுத்த கணக்கு?” என்று கேட்டாள். பாரிஸில் ஒருவர் என்றேன். “நன்னா கேட்டிருக்கா” என்றாள் சித்தி. அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

நிரலைத் திறந்து பார்த்தால் அந்தக் கணக்கு ஓர் அட்டவணை மட்டுமே. ஒவ்வொரு ராகத்துக்கும் பன்னிரண்டு எண்கள்; ஒவ்வொரு ஸ்வரமும் சம இடத்திலிருந்து எத்தனை பங்கு நகர வேண்டும் என்று. மாயாமாளவகௌளையை நானே போட்டுப் பார்த்தேன். ரிஷபம் 16/15, அதாவது 112 சென்ட். பன்னிரண்டு சென்ட் ஏற வேண்டும். 128-ல் பதினைந்து பங்கு. காந்தாரம் 5/4, பதினாலு சென்ட் இறங்க வேண்டும், பதினெட்டுப் பங்கு. பஞ்சமம் 3/2, இரண்டு சென்ட் ஏறினால் போதும். தைவதம் பதினெட்டுப் பங்கு மேலே, நிஷாதம் பதினைந்து கீழே. எண்ணை மாற்று, தொகு, ஏற்று, வாசி, கேள், திரும்ப மாற்று. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் ஒரு ராகம் கைக்கு வந்துவிடும். வாங்கிய கீபோர்டில் இந்த வாசல் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். நானே ஈயம் வைத்த போர்டில், நானே ஏற்றிய நிரலில், காந்தாரத்தைச் சித்தி சொன்ன இடத்தில் வைக்க முடிகிறது என்பதற்காகவே இந்த வேலை அத்தனையும் தகும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஷ்ருதிக்கு யுஎஸ்பி கிடையாது. பழைய ஐந்து பின் மிடி அவுட் உள்ள கீபோர்டு வேண்டும், பெண்ட் சக்கரமும் அதில் இருக்க வேண்டும். தொடுபட்டை வைத்த சின்னக் கீபோர்டுகளும் உண்டு. தோடிக்குச் சக்கரம்தான் தோது. சால்டரிங் பயமாக இருந்தால் கோர்க் என்டிஎஸ்-1 இருக்கிறது, அதை ஸ்க்ரூ டிரைவர் கொண்டே கட்டிவிடலாம், நாமே எழுதிய ஆஸிலேட்டரையும் அதில் ஏற்றலாம். காசு செலவழிக்க யோசிப்பவர்கள் அர்டுயினோ உனோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு ஒன்றை எடுத்து, டிம் பராஸ் எழுதிய மோட்ஸி நிரல் தொகுப்பை ஏற்றிப் பார்க்கலாம். சத்தம் கரடாக இருக்கும். ஆனால் கடிகார முள் கூட்டல் எப்படி ஸ்வரமாகிறது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

இப்போது கரகரப்ரியாவில் நிற்கிறேன். அட்டவணையில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு எண்தான் எழுதலாம். சாதாரண காந்தாரத்துக்கு 32/27 வைத்தால் 294 சென்ட், 6/5 வைத்தால் 316. இருபத்திரண்டு சென்ட் வித்தியாசம். இரண்டையும் வாசித்துக் காட்டியபோது சித்தி, “ரெண்டும் சரிதான். எங்கேர்ந்து வரேங்கறதைப் பொறுத்தது” என்று சொல்லிவிட்டு வயலினை எடுத்து வாசித்தே காட்டினாள். அவள் விரல் ரிஷபத்திலிருந்து ஏறும்போது ஓர் இடத்திலும் மத்யமத்திலிருந்து இறங்கும்போது வேறோர் இடத்திலும் விழுந்தது. அப்படியென்றால் நிரல் கடைசியாக ஒலித்த ஸ்வரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று பார்த்து, இரண்டு அட்டவணையில் ஒன்றை எடுக்க வேண்டும். 644பி-யில் 4 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. இதற்கு ஒரு பைட் போதும். அந்த வரிகளைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.